வாயிலைக் காப்போம், சாவியை இழவோம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எல்லைப்புறத்தில் வாழும் நமக்குச் சோதனைச்சாவடி புதியதன்று. வாளையாறு வழியே கோவைக்குப் போகிறோம்; போடிமெட்டு வழியே தேனிக்கு இறங்குகிறோம்; குமுளி வழியே கம்பத்திற்குச் செல்கிறோம். 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில், பெற்ற தாயைக் காணவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தந்த பின்னரே எல்லையைக் கடந்தோம். வாயிலுக்குக் காவல் வேண்டும் என்பதையும், காவல் நிற்போர் நம்மைப் பற்றி எவ்வளவு அறிந்துகொள்கின்றனர் என்பதையும் அன்று ஒருங்கே உணர்ந்தோம்.

இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் மற்றுமொரு வாயில் திறந்து கிடக்கிறது. அதுவே கைப்பேசி. பள்ளிகள் மூடப்பட்ட அந்நாளில், மூணாற்று மலைப்பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறி நின்று பாடம் கேட்டனர். அவ்வளவு அரிதாய்ப் பெற்ற இணையம் கல்வியைக் கொணர்ந்தது. ஆபாசத்தையும் சூதாட்டத்தையும் அதே வாயில் வழியே கொணர்ந்தது. நல்லதை விட்டு அல்லதை மட்டும் தடுப்பது எங்ஙனம்?

கருவியையே பறித்துவிடுதல் ஒரு வழி எனச் சிலர் எண்ணுவர். கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி விடுதி ஒன்றில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்று விதித்தனர். அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியினின்று நீக்கப்பட்டார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்றம், இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்க்கப் பணித்தது. அவர் வயது வந்த மாணவி. நம் சிறுவர்க்கு வரம்பு வேண்டும் என்பது உண்மையே. எனினும், பறித்தல் காத்தல் ஆகாது.

முன்பின் அறியாதவர் கையில் சாவியைத் தருதல் மற்றொரு பிழை. அப்பிழையை நாமே செய்தோம். தீய தளங்களைத் தடுக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, கட்டணமில்லாச் செயலி ஒன்றை நம் வீட்டுக் கைப்பேசியில் ஏற்றினோம். குறுஞ்செய்தி, தொடர்பு எண்கள், திரையில் தோன்றுவன யாவற்றையும் காண அது அனுமதி கேட்டது, படியாமலே தந்துவிட்டோம். வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணையும் அது படிக்கக்கூடும் என்று நம் மகள் சுட்டிக்காட்டிய பின்னரே விழித்தோம்.

இஃது ஏழையர்க்கு மட்டும் நேரும் ஏமாற்றம் அன்று. உலகெங்கும் பெயர் பெற்ற அவாஸ்ட் நிறுவனம், பின்தொடர்வோரைத் தடுப்பதாகச் சொல்லிய மென்பொருள் வழியே பயனர் பார்த்த தளங்களின் விவரங்களைத் திரட்டி விற்றது என அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்துமாறு அந்நிறுவனம் பணிக்கப்பட்டது. காவலனே களவாடினால் எவரிடம் முறையிடுவது?

ஆயின் செய்யத்தக்கது யாது? ஒரு தளத்தின் பெயரை இட்டதும், கைப்பேசி முதலில் டிஎன்எஸ் என்னும் பெயர்ப்பதிவேட்டிடம் அத்தளத்தின் எண்ணைக் கேட்கிறது. பதிவேடு விடை தர மறுத்தால் கதவு திறவாது. ஆண்டிராய்டு 9 முதலான கைப்பேசிகளின் அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்றொரு பகுதி உண்டு. அதில் ‘ஃபேமிலி புள்ளி கிளவுட்ஃபிளேர் இடைக்கோடு டிஎன்எஸ் புள்ளி காம்’ என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால், ஆபாசத் தளங்களும் நச்சு நிரல் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் தடைப்படும். வினாவும் மறைமொழியில் செல்லும். இடையில் நிற்போர் அதனைப் படித்தல் இயலாது. புதிய செயலி வேண்டா. குறுஞ்செய்தியைக் காட்டவும் வேண்டா. வீட்டு வைஃபை பெட்டியில் 1.1.1.3, 1.0.0.3 என்னும் எண்களை இட்டால் வீடு முழுமைக்கும் அத்தடை பொருந்தும். ஆனால் அவ்வழியில் வினா மறைமொழியில் செல்வதில்லை.

சூதாட்டத் தளங்களை இது தடுக்கும் எனக் கருதற்க. கணினியாயின், ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் கோப்பில் 0.0.0.0 என எழுதி, அதனை அடுத்து வேண்டாத தளத்தின் பெயரை எழுதிவிடலாம். அப்பட்டியல் நம் கணினியிலேயே இருக்கும், எவர்க்கும் போகாது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. பெயர்ப்பதிவேட்டை நடத்துவோர், நாம் கேட்கும் பெயர்களை அறிவர். ஆதலின் எதனைச் சேமிக்கிறோம் என்று வெளிப்படையாய்ச் சொல்வோரையே தேர்தல் வேண்டும். யூடியூப், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உள்ளே வருவனவற்றை இது பிரித்தறியாது. விவரம் அறிந்த பிள்ளை இப்பூட்டை நொடியில் அகற்றிவிடவும் கூடும்.

ஆகவே, பெற்றோர்களே! பூட்டுவதற்கு முன் பிள்ளையை அருகில் அமர்த்தி, எதைத் தடுக்கிறோம், ஏன் தடுக்கிறோம் என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதும் மடலை மறைந்திருந்து படியாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அவ்வுரிமையை வெளியாரிடம் கேட்கும் நாம் வீட்டினுள் மறத்தல் முறையோ? இம்மேடையை விட்டு இல்லம் சென்றதும், நும் கைப்பேசிச் செயலிகள் பெற்றுள்ள அனுமதிகளை ஒருமுறை பாருங்கள், தேவையற்றவற்றை நீக்குங்கள். வாயிலுக்குக் காவல் நாமே. சாவியும் நம் கையிலேயே இருக்கட்டும்.