மூத்த குழந்தைக்கு என்ன ஆயிற்று?

பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

நோயை எதிர்த்து நிற்கும் சக்தி இல்லாமலே பிறக்கும் குழந்தைகளோடுதான் என் வேலை. உங்களில் பெரும்பாலோர் குழந்தை மருத்துவத்துக்கு வரப்போவதில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்தால், போன மாதம் நிமோனியா, இந்த மாதம் மறுபடி நிமோனியா என்று ஒரு குழந்தை உங்கள் மேசைக்கு முன்னால் வரும். அந்தக் குழந்தைக்காகவே பேசுகிறேன்.

வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். அவன் ரத்தத்தில் நியூமோகாக்கஸ் திரும்பத் திரும்பப் புகுந்துகொண்டே இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் தேறுவான், சில வாரங்களில் மறுபடி படுப்பான். புரூட்டன் அடுத்த ஊசியோடு விட்டுவிடவில்லை. அதே கிருமிக்கு எதிரான தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார், எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்த்தார். காமா குளோபுலின் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதாமாதம் தோலுக்கடியில் செலுத்தினார். ரத்தத் தொற்று நின்றது. 1952-இல் இதை எழுதி வெளியிட்டார்.

அந்தக் கோளாறுக்குக் காரணமான மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் புரூட்டனின் பெயரையே சூட்டினார்கள், சுருக்கமாக பி.டி.கே. அது உண்டாக்கும் புரதம் இல்லையென்றால் பி அணுக்கள் முதிராது. அப்படியானால், பி அணுக்கள் புற்றாகப் பெருகும்போது அந்தப் புரதத்தை மருந்தால் முடக்கினால் என்ன? அந்த வழியில் வந்த இப்ருடினிப் மருந்துக்கு 2013-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு சிறுவனுக்கு ஏன் ரத்தத் தொற்று விடவே மாட்டேனென்கிறது என்று கேட்கப்போய், ரத்தப் புற்றுநோய் வந்த முதியவர்களுக்கு மாத்திரை கிடைத்தது. அரிய நோய்க்கு எதற்கு இவ்வளவு பணம் என்று ஆராய்ச்சிக் குழுக்களில் கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யுடையது. 1948 முதல் கிண்டியில் அதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. 1968-இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியது. ஆனாலும் பச்சைக் குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறோம். போட்டே ஆக வேண்டும். ஆனால் அது உயிருள்ள கிருமி. டி அணுக்கள் இல்லாமல் பிறந்த குழந்தையின் உடலில் அந்தச் சாதுவான கிருமியே பரவிக் கொல்லும். 1996-இல் மால்டா நாட்டுக் குழந்தைகள் நால்வரையும் டுனிசியாவின் ஒரு கைக்குழந்தையையும் ஆராய்ந்த இரண்டு குழுக்கள், இன்டர்ஃபெரான் காமாவை ஏற்கும் வாயில் இல்லாததே அவர்கள் இத்தகைய கிருமிகளிடம் தோற்றதற்குக் காரணம் என்று காட்டின. காசநோயை மனித உடல் எதைக் கொண்டு அடக்குகிறது என்பதை அந்த ஐந்து குழந்தைகள் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பி.சி.ஜி. போட்டபின் இடது அக்குளில் நெறி கட்டுவது ஆரோக்கியமான பல குழந்தைகளுக்கும் வரும், தானே வடியும். அது பெரிதாகிக்கொண்டே போய், எடை ஏறாமல், பேதி நிற்காமல், நாக்கில் வெள்ளை படிந்து மருந்துக்கும் போகாமல் இருந்தால் நில்லுங்கள். ரத்த அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். மிகச் சாதாரணமான பரிசோதனை. எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் செய்வார்கள். ஆனால் அந்தத் தாளில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவு. லிம்போசைட்டுகள் 2,000 இருந்தால் நமக்குப் போதும்; மூன்று மாதக் குழந்தைக்கு அது ஆபத்து. தாள் அதைச் சிவப்பில் காட்டாது. சதவீதத்தை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மொத்த வெள்ளணுக்களோடு பெருக்கிப் பாருங்கள். 3,000-க்குக் கீழே இருந்தால் மறுபடி எடுங்கள். அப்போதும் குறைவென்றால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அன்றைக்கே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2000 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் டி அணுக்கள் இல்லாமல் பிறந்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்யப்பட்ட 240 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். மூன்றரை மாதத்துக்குள் செய்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, தொற்று அடங்காத நிலையில் செய்தவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் 2018-க்குள் பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்திலேயே இந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்துவிட்டது. நம் பிரசவ வார்டுகளில் அது இன்னும் வழக்கமாகவில்லை. வர வேண்டும், அதற்காக உங்கள் தலைமுறை அரசிடம் வாதாட வேண்டும்.

அதுவரை நம்மிடம் இருப்பது கேள்விகள். தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டும்போது, ஒரே பழுதான மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் முன் தாயிடம் கேளுங்கள்: "நீங்க சொந்தத்துலயா கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க? இதுக்கு முன்னாடி குழந்தை உண்டாம்மா?" பல நேரம் தயங்கித்தான் பதில் வரும்: "மூத்தது தங்கலைங்க." அங்கே விட்டுவிடாதீர்கள். எத்தனை மாதத்தில், என்ன காய்ச்சலில், ஆணா பெண்ணா என்று கேளுங்கள். அந்தத் தாயின் கூடப்பிறந்த ஆண்கள் யாராவது சின்ன வயதில் தவறினார்களா என்றும் கேளுங்கள். புரூட்டன் கண்ட நோய் தாய்வழியே ஆண்பிள்ளைகளுக்கு வருவது. தாய்மாமன்களின் சாவில் அதன் தடயம் இருக்கும்.

மென்மையாகக் கேளுங்கள். குழந்தை தங்காத வீட்டில் மருமகளின் ராசியைப் பேசுவார்கள். நோய் தாய்வழி வந்தது என்று நீங்கள் சொல்லும் வாக்கியம் அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடும். அதனால் கணவரையும் மாமியாரையும் சேர்த்து உட்காரவையுங்கள். இத்தகைய பழுது நம் எல்லோருடைய மரபணுவிலும் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது, இதில் யார் குற்றமும் இல்லை என்று உங்கள் வாயால் அவர்கள் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சியின் முடிவு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வது அப்போதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் ஒரு குழந்தை உங்கள் கையை மீறிப் போகும் என்று தெரிந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் எடுத்து, காயவைத்து, பெயரும் தேதியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அதிலிருந்து மரபணுவைப் படிக்க முடியும். பழுது எதுவென்று தெரிந்தால், அந்தத் தாய் மறுபடி கருவுறும்போது பதினோராவது வாரத்திலிருந்தே கருவைச் சோதித்துவிடலாம். பாதிப்போடு பிறந்தாலும் முதல் நாளிலிருந்தே தொற்றிலிருந்து காத்து, பி.சி.ஜி.யை நிறுத்திவைத்து, மஜ்ஜை மாற்றுக்கு ஏற்பாடு செய்யலாம். அந்த அட்டைகளை உங்கள் வார்டின் மேசை இழுப்பறையில் வாங்கி வையுங்கள்.