ழகரத்தைத் தேடிக் கொடுத்தவர்கள்

(ஆலய அறநிதிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர உதவியாளர்களாகப் பணிபுரியும் முதுகலை மாணவர் இருவருக்கு இவ்வாண்டு நம் அறநிதி சிறப்புச் செய்கிறது. செயலவையில் இந்த யோசனை வந்தபோது முதலில் மறுத்தவன் நான்தான். "புத்தகம் அடுக்கச் சம்பளம் வாங்குகிறார்களே, பரிசு எதற்கு?" என்று கேட்டேன். வாத்தியார் வாய், கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

பிறகு கும்பாபிஷேக மலருக்காகக் கோயில் வழிபாடு பற்றிய பழைய நூல் ஒன்றைத் தேடி அந்த நூலகத்துக்குப் போனேன். கணினியில் நம் வழக்கப்படி ழகரத்துக்கு 'இசட், எச்' போட்டுத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அருகிலிருந்த மாணவி, "ஐயா, பட்டியலில் ழகரத்தை 'எல்' எழுத்தின் கீழே கோடு போட்டு எழுதுவார்கள். ளகரத்துக்குக் கீழே புள்ளி. லகரத்துக்கு ஒன்றும் கிடையாது" என்றார். கோட்டையும் புள்ளியையும் விட்டுவிட்டால் வழி, வளி, வலி மூன்றும் ஒன்றாகிவிடும்! முப்பது ஆண்டுகள் லகர ளகர ழகரம் சொல்லிக் கொடுத்தவனுக்கு அன்று பாடம் நடந்தது.

எண் கிடைத்தது. தட்டில் நூல் இல்லை. யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். "இடம் மாறினால் தொலைந்த மாதிரிதான் ஐயா" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். அவருடைய ஆய்வேடு மேசையில் திறந்தபடியே கிடந்தது. முக்கால் மணி நேரத்தில் நூலோடு வந்தார்.

அங்கே நின்றபோது என் அப்பா நினைவுக்கு வந்தார். 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஆளுக்கொரு வெள்ளி கேட்டு, பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல் வாங்க நிதி திரட்டினார். பால்மரம் வெட்டிய அப்பாவும் ஒரு வெள்ளி கொடுத்தாராம், அம்மா சொல்வார். அந்த நூலகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய வெள்ளி எந்த நூலில் இருக்கிறதோ, தெரியாது. ஆனால் அது கேட்பவர் கைக்கு வரவேண்டுமே!

மற்றவர், முதியோர் வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் நூல்களைப் பிரித்துப் பார்ப்பவர். தொட்டால் உதிரும் தாள், அட்டையில்லை, ஆண்டில்லை. முன்னுரையைப் படித்தே காலத்தைக் கண்டுபிடிக்கிறார்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் என் மறுப்பை நானே மீட்டுக்கொண்டேன். இப்போது இருவரையும் மேடைக்கு அழைக்கிறேன். பெற்றோரும் உடன் வரவேண்டும்.