வீட்டு மனையும் விதிகளும்

(அணுபுரத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டீர்கள். நான் கொத்தனாருமல்ல, வக்கீலுமல்ல. ஆனாலும் ஏழை வீடு கட்டப் புறப்பட்டால் இரண்டு பேர் அவனைப் பயமுறுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருவன் மனையடி சாஸ்திரக்காரன். மற்றவன் சர்க்கார் விதியைக் கையில் வைத்திருப்பவன். முன்னவனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அறை இத்தனை அடியானால் தனம், அத்தனை அடியானால் சாவு என்பான். ஏனென்று கேட்டால் சாஸ்திரம் என்பான். பக்கத்துக் கல்பாக்கத்தில் 1983இல் அணு உலை இயங்கத் தொடங்கிற்று. அதை எந்த மூலையில் வைப்பதென்று எந்த மனையடி சாஸ்திரத்திலும் ஒரு வரி கிடையாது.

பின்னவன் விஷயம் அப்படியல்ல. விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விதிக்குக் காரணம் சொல்ல வேண்டும்; அதனால் வரும் கஷ்டம் யார் தலையில் விழுகிறதென்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் சாஸ்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?

இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவின் பழைய கதையைக் கேளுங்கள். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் இங்குள்ள ஆதிதிராவிடர் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவன் குடிசை நின்ற மண்ணையும் மிராசுதார் தன்னுடையதென்று சொல்லிக் கொண்டிருந்தார். கூலி போதாது என்றால் "குடிசையைக் காலி செய்" என்பார். வயலில் அடிமையாக வைத்திருக்கச் சங்கிலி வேண்டியிருக்கவில்லை. குடியிருந்த மனையே போதுமானதாயிருந்தது. மிராசு பாத்தியதை என்பதும் அக்காலத்து விதிதானே? குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. எண்பது வருஷம்!

இப்போது நம் காலத்துக்கு வருவோம். அணு உலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் ஊரின் இயல்பான பெருக்கத்தைத் தவிர வேறு ஜனப்பெருக்கம் கூடாது என்பது விதி. இதற்குக் காரணம் உண்டு. ஆபத்து வந்தால் ஜனங்களைச் சீக்கிரம் வெளியேற்ற வேண்டும். ஒப்புக் கொள்கிறேன். ஆனால் உலையில் வேலை பார்ப்பவர்களுக்கு வீடு வேண்டுமென்றபோது சர்க்கார் என்ன செய்தது? தெருவும் தண்ணீரும் பள்ளிக்கூடமுமாக இந்த அணுபுரத்தையே கட்டிக் கொடுத்தது. நல்ல காரியம். சுற்றுக் கிராமத்தான் மகனுக்குக் கல்யாணமாகி இன்னொரு அறை வேண்டுமென்றால் மட்டும் ஏன் விதிப் புத்தகத்தைக் காட்ட வேண்டும்? நீங்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று நீங்களும் மனை தேடுகிற கூட்டத்தில்தான் நிற்கப் போகிறீர்கள்.

கடற்கரையைப் பாருங்கள். 1991இல் வந்த கடற்கரை அறிவிப்பு, கிராமப்புறங்களில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாதென்றது. 2004 டிசம்பர் 26ந் தேதி கல்பாக்கத்துக் குடியிருப்புக்குள்ளேயே கடல் புகுந்ததைப் பார்த்தவர்கள் இதற்குக் காரணம் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே அறிவிப்பில், 200க்கும் 500க்கும் நடுவில் உல்லாச விடுதி கட்டுவது எப்படி என்று ஒரு தனி அனுபந்தமே இருந்தது! கடலைப் பார்த்துத் தொழில் செய்கிறவனுக்குக் கடலோரத்தில் இடம் நெருக்கடி; கடலைப் பார்த்துச் சும்மா உட்கார வருகிறவனுக்கு அனுபந்தம். ஜனநெருக்கமுள்ள கிராமங்களுக்கு அந்த 200ஐ 50 மீட்டராகக் குறைக்க 2019 வரையில் ஆயிற்று.

மாமல்லபுரம் இன்னும் வேடிக்கை. 2010ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு மேல் 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். அவ்வூரில் சின்னங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதால் வட்டத்தின் மேல் வட்டம் விழுந்து ஊரே அதற்குள் மாட்டிக் கொண்டது. சிற்பங்களைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் பெரிய கோயிலுக்கும் சிறு பாறைக்கும் ஒரே 100 மீட்டர் என்பது எந்த அளவுகோல்? இதிலும் ஒரு வேடிக்கை. மத்திய சர்க்கார் தன் சொந்தப் பொதுக் கட்டடங்களுக்கு மட்டும் அந்த 100 மீட்டருக்குள் வழிவிட ஒரு மசோதா கொண்டு வந்தது. 2018 ஜனவரியில் மக்கள் சபையில் நிறைவேறி, மேல்சபையில் தெரிவுக் குழுவுக்குப் போய், சட்டமாகாமல் நின்றது. குடியிருப்பவன் வீட்டுக்கு மாடி எடுப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இப்படி வழிகள் அடைபட்டால், கட்டத் தகுந்த கொஞ்ச நிலத்துக்குக் கிராக்கி ஏறும், விலையும் ஏறும். கையில் காசில்லாதவன் அங்கீகாரமில்லாத மனையை வாங்குவான். 2016 செப்டம்பர் 9ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு அத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்றது. வயலைத் துண்டு போட்டு விற்றவன் பணத்தோடு போய்விட்டான்; வாங்கினவன் கையில் விற்கவும் முடியாத மனை நின்றது. 2017இல் வரன்முறைப்படுத்த விதி வந்தது. அதற்கும் கட்டணம், அதையும் பெரும்பாலும் கட்டினவன் அவனேதான்.

2024 ஜூலையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரையும் ஒரு மாடியுமாகக் கட்டுகிறவன் தானே சான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம் என்றார்கள். அதே வருஷம் குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு கட்ட மூன்றரை லட்ச ரூபாய் கொடுக்கும் திட்டமும் வந்தது. இரண்டையும் நான் பாராட்டுகிறேன். ஆனால் இரண்டுக்கும் முதலில் வேண்டியது என்ன? பட்டா! புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கும் கடலோரத்தில் பாட்டன் காலத்திலிருந்து இருப்பவனுக்கும் அதுதானே இல்லை?

ஆகையால், பட்டா இல்லாதவர்கள் குடும்பத்துப் பெண்கள் பேரில் மனு எழுதிக் கிராமசபையில் கொடுங்கள். மனை கொடுக்க முடியாதென்று பதில் வந்தால், எந்த விதிப்படி, அந்த விதிக்குக் காரணம் என்ன, அந்த இடம் ஆகாதென்றால் வேறு எந்த சர்வே நம்பரில் இடம் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு இங்கே படித்த தோழர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு யார் யார் வருகிறீர்கள் என்பதைக் கூட்டம் கலைவதற்கு முன் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.