ஐந்து தோட்டாக்களும் அவற்றின் பெட்டியும்



மும்பை மாநகரில் வங்கியின் வாயிலிலும், நகைக்கடையின் முகப்பிலும், பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலும் துப்பாக்கி தாங்கி நிற்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் படையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழரும் உளர். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையத்தில் பழகிய கைகள், தாராவியிலும் செம்பூரிலும் குடியேறிய பின்னரும் அத்தொழிலையே நாடுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. படையில் ஆயுதக் கிடங்கு இருந்தது. பழுது பார்க்க ஆர்மரர் இருந்தார். மேலதிகாரியின் பரிசோதனையும் இருந்தது. இங்கே இம்மூன்றும் அவர் ஒருவரே.

நாம் துப்பாக்கி ஏந்தியவரல்லோம்; மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவர். உரிமத்தாளைப் படித்துப் பொருள் சொல்லுமாறு கேட்டு அத்தகைய அன்பர்கள் நம்மிடம் வருவதுண்டு. அவர்களிடம் கேட்டறிந்ததையும் சட்டத்தில் படித்தறிந்ததையும் சேர்த்தே இங்குப் பேசுகிறோம்.

துப்பாக்கியின் அடிப்புறம் தோட்டாக்களை அடக்கி வைக்கும் பெட்டிக்குச் சிப்பாய்கள் வழங்கும் பெயர் மேகசின். வாரப் பத்திரிகைக்கும் அதே பெயர்தான். கிடங்கு எனப் பொருள்படும் அரபுச் சொல் ஒன்று ஐரோப்பா சென்று, வெடிமருந்துச் சாலையாகி, செய்திகளின் கிடங்காகி, துப்பாக்கிக்குள்ளும் புகுந்துகொண்டது. கழற்றி மாட்டத்தக்க பெட்டியை ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் 1879இல் உரிமைப் பதிவு செய்தார். நம் படையினரும் காவல் துறையினரும் நெடுங்காலம் ஏந்திய .303 துப்பாக்கியில் பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி அவர் வழி வந்ததே.

குடிமக்களுக்கு அந்தப் .303 சாதாரணமாகக் கிட்டாது. படைத் தோட்டாக்களாகிய .303, 7.62 மில்லிமீட்டர் ஆகியவற்றை ஏற்கும் துப்பாக்கிகளை விதிகள் தனியே ஒதுக்கி வைத்துள்ளன. ஆகவேதான் மேற்கு வங்காளத்து இச்சாப்பூர் ஆலையில் .315 என்னும் துப்பாக்கி செய்யப்படலாயிற்று. அதன் மேகசின் கொள்வது ஐந்தே தோட்டாக்கள்.

ஐந்து போதுமா என வினவுவோர் உண்டு. 2008 நவம்பர் 26 இரவு சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் கொலைஞர்கள் ஏந்தி வந்தவை ஏகே ரகத் துப்பாக்கிகள். காவலர் சிலரிடம் இருந்தவையோ பழைய.303. அந்நிகழ்ச்சியை நினைவூட்டியே இவ்வினா எழுப்பப்படுகிறது. ஆனால் அது அரசின் படைக்கலம் பற்றிய கேள்வி. வங்கிக் காவலர் போர்க்களத்தில் நிற்பவரல்லர். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரையிலோ மேகசின் காலியாகும் வரையிலோ தொடர்ந்து சுடும் ஆயுதத்தை, தடை செய்யப்பட்டது என்றே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வரையறுக்கிறது. ஒருவர் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்தாளிலேயே எழுதியிருக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒருவர் பொதுவாக வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. அளவு இவ்வாறு சுருங்கியிருக்கையில், இருக்கும் ஐந்தும் தடையின்றி ஏறி வர வேண்டுமென்பதே காவலரின் கவலையாக இருத்தல் தகும்.

துடைப்பது உடையவரின் வேலை. பழுது பார்ப்பது உரிமம் பெற்ற வணிகரின் வேலை. இது நம் யோசனையன்று, சட்டத்தின் கோடு. ஆயுதத்தின் உறுப்பும் ஆயுதமே என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. உரிமமின்றி அதைச் செய்தல், விற்றல், மாற்றியமைத்தல், பழுது பார்த்தல் கூடாதென்கிறது ஐந்தாம் பிரிவு. தெருமுனைப் பட்டறையில் கொடுத்துப் பெட்டியை நீட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு தோட்டா பிடிக்குமே என்று ஓர் அன்பர் கேட்டார். துப்பாக்கியையும் இழப்பீர், வேலையையும் இழப்பீர், சிறையும் காண்பீர் என்றோம்.

இனித் துடைக்கும் முறை. முதலில் தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து எண்ணி வைக்க வேண்டும். பின் போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். அதன் பிறகே மேகசினைத் தொடலாம். கழற்றக்கூடியதாயின் கழற்றி, உள்ளிருக்கும் பிளாட்பாரம் என்னும் தகட்டையும் ஸ்பிரிங்கையும் பழகியவர் வெளியே எடுப்பர். பழகாதவர் அவற்றை விட்டுவிட்டு மேற்புறம் துடைப்பதே நலம். படையில் இதற்குப் பயன்படும் துணித்துண்டின் பெயர் சிந்தி. மும்பையில் கந்தலுக்கு வழங்கும் அதே சொல். உலர்ந்த சிந்தியால் தூசும் துருவும் போகத் துடைத்து, எண்ணெய் தொட்ட சிந்தியால் ஒருமுறை தடவி, மீண்டும் உலர்ந்த சிந்தியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். உட்புறம் எண்ணெய் தேங்கினால் நூலும் புழுதியும் அதில் ஒட்டும். தோட்டாவின் அடியிலுள்ள வெடிமுனைக்குள் ஊறி அதைச் செயலற்றதாக்கவும் கூடும்.

எண்ணெய் என்றவுடன் மாட்டுங்காவில் வாங்கி வைத்த தேங்காயெண்ணெயை எடுப்பவர் உளர். அது தலைக்கு நன்று, இரும்புக்கு ஆகாது. நாட்பட்டால் பிசின்போல் இறுகி, தகடு ஏறாமல் நின்றுவிடும். துப்பாக்கி எண்ணெய் கிட்டாவிடில் தையல் இயந்திர எண்ணெய் தேவலை.

தாராவி அன்பர்களுக்கு ஒன்று தனியே சொல்ல வேண்டும். தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர் அங்குண்டு; நல்ல தோல்வார்ப் பட்டைகள் எளிதில் கிடைக்கும். பணி நேரத்தில் அணிக. ஆனால் தோட்டாக்களை அதிலேயே விட்டு வைக்கற்க. மரப்பட்டையால் பதனிட்ட தோலின் புளிப்பு பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். களிம்பேறிய தோட்டா மேகசினுக்குள் வழுக்கிச் செல்லாது. கடற்காற்றும் ஆலைப்புகையும் கலந்த செம்பூரில் இரும்பு விரைந்து துருவேறும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் துடைப்பது நன்று.

நிரப்பும்போது மற்றொன்று. .303, .315 இரண்டின் தோட்டாவுக்கும் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னே அமைய வேண்டும். பின்னே அமைந்துவிட்டால் ஒன்று மற்றொன்றைப் பற்றி இழுக்க, போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். ஐந்துக்கு ஆறாகத் திணித்தாலும் இதே சிக்கல்தான். மேல் உதடுகளைக் குறட்டால் வளைப்பதும், தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும் வேண்டா.

வெள்ளத்தில் மூழ்கிய தோட்டாவையும் நம்பற்க. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு கரை புரண்டதை நாம் மறவோம். அவ்வாறு நனைந்தவற்றை வெயிலில் காயவைத்து மீண்டும் நிரப்பாமல், எண்ணிக் குறித்து, உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தேர்தல் வரும்போது துப்பாக்கியை ஒப்படைக்குமாறு காவல் நிலையம் பணித்தால், தோட்டாக்களைத் தனியே எண்ணிக் கொடுத்து, இரசீதில் துப்பாக்கியின் எண்ணோடு மேகசினையும் குறிக்கச் சொல்லுங்கள். திரும்பப் பெற்ற அன்றே, பணிக்குச் செல்லுமுன், சிந்தியை எடுத்துக்கொண்டு அமருங்கள்.