நான்கு தடங்களும் ஒரு குரலும்



சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு சுருதிப் பெட்டியேனும் இருக்கக் காணலாம். சில இல்லங்களில் வீணை உறையிடப்பட்டு மூலையில் சாய்ந்திருக்கும். சிலவற்றில் பெண் கற்றுக்கொள்ளும் பிடில் அலமாரியின் மேல் இருக்கும். நவராத்திரிக் கொலுவிலும் மார்கழிப் பஜனையிலும் பாடும் இவர்கள் மேடை வித்துவான்கள் அல்லர். பகலெல்லாம் கோப்புகளோடு போராடிவிட்டு, மாலையில் கைகால் கழுவிச் சுருதி கூட்டுபவர்கள். இத்தகைய இல்லத்து இசையன்பர்களுக்கென்றே செய்யப்பட்ட ஒரு சிறு கருவியை அண்மையில் நாம் வாங்கினோம். பல தடங்களில் ஒலியைப் பதியவல்ல, கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவி அது. அதனோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்ததில் தோன்றிய முதல் எண்ணங்களையே இன்று கூற விழைகிறோம்.

சாதாரண ஒலிப்பதிவுக் கருவிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை முதலில் கூறிவிடுதல் நலம். சாதாரணக் கருவி, அறையில் எழும் ஒலிகள் அனைத்தையும் ஒன்றாய்க் கலந்து பதிகிறது. குரல் நன்றாய் அமைந்து பிடில் ஓரிடத்தில் பிசகினால், இரண்டையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பலதடக் கருவியிலோ குரலை ஒரு தடத்தில் பதிந்துகொண்டு, அதைக் கேட்டபடியே பிடிலை இரண்டாம் தடத்திலும் மிருதங்கத்தை மூன்றாம் தடத்திலும் பதியலாம். எது பிசகிற்றோ அதை மட்டும் திருத்தலாம். ஒன்றன் ஓசையைக் கூட்டவும் மற்றொன்றைக் குறைக்கவும் பின்னர் வழியுண்டு. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் சொல்லுக்கு ஈடாகத் ‘தடம்’ என்கிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அச்சொல்லில் மிகுந்த திருப்தி. வண்டித் தடங்கள் அருகருகே ஓடினும் ஒன்றையொன்று அழிப்பதில்லை அன்றோ?

இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கிதார்க் கலைஞரான லெஸ் பால், தம் வாத்தியத்தின் மேல் தம் வாத்தியத்தையே அடுக்கடுக்காகப் பதிந்து பார்த்தவர். எட்டுத் தடங்கள் கொண்ட நாடாக் கருவியொன்றை ஆம்பெக்ஸ் கம்பெனியார் 1957இல் அவருக்குச் செய்து அளித்தனர். அது ஆள் உயரத்திற்கு அடுக்கப்பட்ட பெரும் இயந்திரம். 1967இல் வெளிவந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டினைப் பீட்டில்ஸ் குழுவினர் பதிந்தபோது லண்டன் நிலையத்தில் பயன்பட்டவை நான்கு தட இயந்திரங்களே. அந்நாளில் இத்தகைய வசதி பெரிய நிலையங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை, ஜப்பானிய டீயாக் கம்பெனி 1979இல் வெளியிட்ட ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்னும் கருவியைச் சேரும். 1963இல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்திய அதே காசெட் நாடாவில் அது நான்கு தடங்களைப் பதிந்தது. இரு பக்கங்களுக்கும் உரிய நாடா அகலம் முழுவதையும் ஒரே திசையில் பயன்படுத்தியதால் காசெட்டைத் திருப்பிப் போட இயலாது. தெளிவை வேண்டி நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினர். ஆகவே 90 நிமிடக் காசெட் ஏறத்தாழ 22 நிமிடங்களில் தீர்ந்துவிடும். எனினும் என்ன? அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் அக்கருவியைக் கொண்டு பதிந்த பாடல்களே 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தன.

நாம் வாங்கிய கருவி அந்தப் பரம்பரையில் வந்த கொள்ளுப்பேத்தி எனலாம். அளவில் நம் பாட்டனார் காலத்து வெற்றிலைப் பெட்டியை ஒத்தது. நான்கு தடங்கள், வெளி மைக்குகளைச் செருக இரண்டு துளைகள், உள்ளேயே ஒரு சிறு மைக், பென்சில் பாட்டரிகளிலும் இயங்கும். நாடாவுக்குப் பதிலாக நகக்கண் அளவேயான மெமரி கார்டு. ஒரு தடத்தின் ஒரு நிமிட ஒலி, சுமார் பதினொன்றரை மெகாபைட் இடத்தைப் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் 32 கிகாபைட் கார்டு ஒன்றில் நான்கு தடங்களுமாகப் பதினோரு மணி நேரத்திற்கு மேல் பதியலாம். விலை, நடுத்தரக் குடும்பத்தார் ஒரு மாதம் யோசித்து வாங்கக்கூடியது. நாம் இரண்டு மாதம் யோசித்தோம்.

இதில் நம்மை மிகவும் கவர்ந்த வசதி ஒன்றுண்டு. முன்னைய கருவிகளில், பாடுபவர் எவ்வளவு உரக்கப் பாடுவார் என்பதை முன்கூட்டியே ஊகித்து அளவு வைக்க வேண்டும். மந்தர ஸ்தாயியை மனத்திற்கொண்டு அளவை உயர்த்தினால், தார ஸ்தாயியில் குரல் கிழிந்து கரகரக்கும். இக்கருவியோ ‘32 பிட் மிதவைப் புள்ளி’ என்னும் முறையில் ஒலியை எண்களாக எழுதுகிறது. மிக மெல்லிய ஒலியும் மிக வலிய ஒலியும் அவ்வெண்களின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. உரக்கப் பதிவானதைப் பின்னர்த் தணித்தால் குரல் சிதையாமல் மீள்கிறது. மைக்கே தாங்காத அளவு அருகில் கத்தினால் மட்டும் எந்த எண்ணும் உதவாது.

இனி, நாம் இதை வாங்கிய காரணத்தைக் கூறுவோம். நம் தாயார் தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். முதுமையில் நம்முடன் டில்லியில் இருக்கிறார். கலியாண வீடுகளில் பாடப்பெறும் ஊஞ்சற் பாட்டுகளும் நலங்குப் பாட்டுகளும் அவருக்கு மிகுதியாகத் தெரியும். அவற்றுள் ஓர் ஊஞ்சற் பாட்டு அவருடைய அத்தையிடம் கற்றது. எப்புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. சென்ற கோடையில் நெஞ்சுச் சளியால் வருந்தியபின் அவர் குரல் மெலிந்துவிட்டது. முன்பு நாலரைக் கட்டையில் எளிதாய்ப் பாடியவர் இப்போது நான்கு கட்டையிலும் மூச்சு வாங்குகிறார். நம் மகளின் திருமணத்தில் அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டுமென்பது வீட்டில் அனைவருடைய ஆவல். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். குரல் அதுவரை காத்திருக்குமா?

டிசம்பர் மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். டில்லிவாசிகளுக்கு அதன் காரணம் விளங்கும். கோடையில் மின்விசிறியோ கூலரோ ஓடாமல் அறையில் இருக்க முடியாது. ஓடினாலோ அதன் இரைச்சல் ஒவ்வொரு தடத்திலும் படியும். குளிர்காலத்தில் ஜன்னல்கள் தாமாகவே மூடியிருக்கின்றன. காய்கறி வண்டிக்காரர் ‘ஆலூ, கோபி’ எனக் கூவிச் சென்றபின் ரஜாய்களை நாற்காலிகளின் மேல் போர்த்திச் சுவரெதிரொலியையும் அடக்கினோம்.

தம்பூரா ஒலியை முதல் தடத்தில் பதிந்தோம். அதைக் காதொலிக் கருவி வழியே கேட்டுக்கொண்டு தாயார் இரண்டாம் தடத்தில் பாட வேண்டும். காதுகளை மூடியதும் அவர், “ஏண்டா, என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறதே!” என்றார். ஒரு காதை மூடி மற்றதைத் திறந்துவிட்டதும் சமாதானமானார். அடுத்த தொல்லை தாளம். அவர் தொடையில் தட்டும் ஓசை மைக்கில் விழுந்தது. தலையணை ஒன்றை மடியில் வைத்தோம், பயனில்லை. கையைக் கட்டிக்கொண்டு பாடச் சொன்னோம், காலப்பிரமாணம் ஓடிற்று. கருவியில் தாளச் சொடுக்கு ஒலிக்கும் வசதியுண்டே என்று அதை முடுக்கினோம். இரண்டு வரி பாடிவிட்டு, “இது கடிகாரம், ஊஞ்சல் இப்படி ஆடாது” என்று நிறுத்திவிட்டார். ஊஞ்சல் முன் சென்று திரும்பும் இடத்தில் பாட்டும் சற்றே தயங்க வேண்டுமாம். ஈற்றில் அவர் விருப்பம்போல் தட்ட விட்டோம்.

அவ்வாறு பாடிய முதல் மாலையில், நாம் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சரணம் தானாக வந்தது. பாடி முடித்ததும் அவரே வியந்தார். இன்னும் ஒருமுறை பாடினால் மேலும் நன்றாய் அமையும் எனக் கருதி நாம் பேராசைப்பட்டோம். தடத்தை மாற்றாமலே பதிவுப் பொத்தானை அழுத்தினோம். புதிய பதிவு பழையதன் மேல் எழுதப்பட்டது. ஒரு படி பின்செல்லும் வசதி கருவியில் உண்டு. ஆயின், மூன்று முறை அவ்வாறு எழுதிய பின்னரே தவற்றை உணர்ந்தோம். அந்தச் சரணம் போய்விட்டது. மறுநாளும் அதன் மறுநாளும் தாயார் கண்ணை மூடி முயன்றார். ஈற்றுச் சொற்கள் மட்டுமே வந்தன. “போகட்டும், வந்தபோது வந்தது” என்றார் அவர். நமக்குத்தான் பல இரவு உறக்கம் வரவில்லை. குற்றம் கருவியினுடையதன்று. அன்றுமுதல் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: அன்றன்று பதிந்ததை அன்றிரவே வேறிரண்டு இடங்களில் நகலெடுத்த பின்னரே படுக்கை.

எஞ்சிய ஆறு சரணங்களும் நன்றாகவே அமைந்தன. மூன்றாம் தடத்தில் மகள் பிடில் வாசித்தாள். நான்காம் தடத்துக்கு மிருதங்கம் வேண்டும். நம் மைத்துனர் மும்பையில் மாட்டுங்காவில் இருக்கிறார், நன்றாய் வாசிப்பவர். பதிந்ததை இணையத்தின் வழியே அவருக்கு அனுப்பினோம். அவர் அங்கே அதைக் கேட்டவாறு வாசித்துத் தம் பதிவைத் திருப்பி அனுப்பினார். இரு பதிவுகளையும் ஒரே கணத்தில் தொடங்கச் செய்வது எப்படி? நாம் ஒழிக்க முயன்றோமே, அந்தத் தொடைத் தட்டலே வழிகாட்டிற்று. பாட்டுக்கு முன் தாயார் போட்ட முதல் தட்டையும் மைத்துனரின் முதல் ‘தொம்’மையும் பொருத்தினோம், யாவும் பொருந்தின. “அத்தையின் கை தெரிந்ததால்தான் எனக்கு வாசிக்க முடிந்தது” என்று அவர் தொலைபேசியில் கூறினார்.

குறைகளையும் மறைத்தல் தகாது. திரை மிகச் சிறியது. நாற்பதைக் கடந்த கண்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடும். நான்கு தடங்களும் நிரம்பினால் அவற்றை ஒன்றாய்ச் சேர்த்து இடம் உண்டாக்கிக்கொள்ளலாம்; ஆயின் சேர்த்ததைப் பிரிக்க இயலாது. ஆகவே சேர்க்குமுன் தனித்தனித் தடங்களை நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றினும் பெரியது வேறொன்று. நம் சங்கீதம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவது. பாடகர் ஒரு சுரக்கோவையை வீசுவார்; பிடில்காரர் அதைப் பற்றித் திருப்புவார்; அதைக் கேட்ட பாடகர் மேலும் உற்சாகம் கொள்வார். தடம் தடமாய்ப் பதியும்போது பின்வருபவர் முன்னவரைக் கேட்கிறார்; முன்னவரோ பின்வருபவரைக் கேட்பதில்லை. ஆதலின் கீர்த்தனம், பஜனை, கலியாணப் பாட்டு ஆகியவற்றுக்கு இக்கருவி ஏற்றது. கற்பனை சுரத்துக்கு ஏற்றதன்று. அதற்கு எல்லோரும் ஓரறையில் ஒரே ஜமக்காளத்தில் உட்காருவதே வழி.

எனினும் ஒரே ஜமக்காளம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? பாட்டி டில்லியில், மாமன் மும்பையில், மற்றொருவர் கல்கத்தாவில் என்று சிதறிய குடும்பங்கள் நம்முடையவை. தைப்பொங்கலன்று நான்கு தடங்களையும் சேர்த்து வீட்டில் ஒலிக்கச் செய்தோம். தாயார் கேட்டு முடித்து, “பிடில் கொஞ்சம் அதிகம், குறைக்கச் சொல்” என்றார். குறைத்தோம். இரண்டாம் முறை கேட்கையில் அவர் கை தொடையில் தாளம் போட்டது. விட்டுப்போன சரணத்தின் இடம் வந்தபோது, அந்தக் கை மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய குரல் ஒன்று இருக்கக்கூடும். கருவி எதுவாயினும் ஆகுக. கையிலுள்ள தொலைபேசியே போதும் எனினும் ஆகுக. இவ்வாரமே பதிந்துவிடுங்கள். பதிந்ததும், மறுமுறை பாடச் சொல்லுமுன், முதலில் நகலெடுத்து வையுங்கள்.