கல்வி உதவித்தொகையும் கடைசித் தேதியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நமது பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கும் நிகாஹ் தப்தரைப் புரட்டிப் பார்த்தவர்கள் இங்கே பலர் உண்டு. மணமக்களின் பெயர், வலியின் பெயர், சாட்சிகள் இருவர், மஹர் தொகை, நாள், கிழமை என்று ஒரு வரிகூட விடுபடாமல் எழுதப்பட்ட ஏடு அது. பல்லாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு திருமணத்திற்குச் சான்று கேட்டு வந்தாலும் சற்று நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடிகிறது. சந்தாப் புத்தகமும் அப்படியே. கணக்கு எழுதுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அதே கவனத்துடன், நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் ஒரு தப்தர் வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள்.

உதவித்தொகை கிடைக்காத பிள்ளைக்கு மதிப்பெண் குறைவு என்றோ, அரசிடம் திட்டம் இல்லை என்றோ நாம் எளிதாகக் கருதிவிடுகிறோம். நம் மஹல்லாவில் நாம் கண்டவரை, தகுதி இருந்தும் தொகை கைக்கு வராமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் தேதிதான். ஒரு சான்றிதழ் பத்து நாள் தாமதமாக வந்திருக்கும். அல்லது ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கும். அந்தப் பத்து நாளுக்காக ஒரு பெண் பிள்ளையின் படிப்பே இரண்டாம் ஆண்டுடன் நின்றுபோகிறது என்றால் அதைச் சிறிய விஷயமாக ஒதுக்க முடியாது.

முதலில், எது இருக்கிறது, எது இல்லை என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 2006 நவம்பரில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை வெளிவந்த பின், 2007, 2008 ஆண்டுகளில் சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டங்கள் தொடங்கின. நம் வீடுகளில் இன்றும் பலர் அந்த நினைவிலேயே இருக்கிறார்கள். 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வழங்கப்பட்டு வந்த தொகை 2022-23 ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய நிதியுதவியும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. இவற்றைக் கேட்டு அலைந்து நாளைக் கழிப்பவர்கள், கண் முன்னே இருப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கண் முன்னே இருப்பவற்றில் ஒன்றைச் சொல்கிறோம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கென தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வு ஒன்று நடைபெறுகிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிப்போர், பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்ச ரூபாய்க்கு மிகாதிருந்தால் எழுதலாம். மனத்திறனுக்கு 90 வினாக்கள், பாடத்திற்கு 90 வினாக்கள். தமிழகத்திற்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. தேர்ச்சி பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்காண்டில் 48,000 ரூபாய். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகச் செல்கிறது.

இதில் பிள்ளை தேர்வில் தோற்பதைக் காட்டிலும் வருத்தத்திற்குரிய ஒன்று உண்டு. தேர்வில் வென்ற பிள்ளையை, "நன்றாகப் படிக்கிறாளே" என்ற மகிழ்ச்சியில் தகப்பனார் ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாறினால் அந்தத் தொகைக்கான உரிமை போய்விடுகிறது. மாறாமல் இருந்தாலும், தேர்வு முடிவோடு எல்லாம் முடிந்ததென எண்ணி, தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். மூன்றாம் ஆண்டில் மறந்தால் அந்த ஆண்டின் 12,000 ரூபாய் இல்லை.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருவோம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் உதவித்தொகை நம் பி.சி.எம். பிரிவினருக்கும் உரியது, வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோருக்கும் இவை இரண்டும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோருக்கு மத்திய அரசின் மற்றொரு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு நான்கரை லட்சம்; பட்டப்படிப்பு மூன்றாண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் ஆண்டுதோறும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் இருந்தால்தான் அது தொடரும்.

இனி, தேதி என்பதைப் பற்றி. நாளிதழில் வரும் கடைசித் தேதி மாணவர் விண்ணப்பத்தைச் செலுத்துவதற்கான தேதி மட்டுமே. அதன் பின் கல்வி நிறுவனம் அதைச் சரிபார்த்து அனுப்புவதற்கு ஒரு தேதி உண்டு. குறையுள்ளதெனத் திரும்பி வந்தால் திருத்துவதற்கு ஒரு தேதி உண்டு. மாவட்ட அளவிலான சரிபார்ப்புக்கும் ஒரு தேதி உண்டு. மாணவர் முதல் தேதிக்குள் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க, கல்லூரி அலுவலகத்தில் அது பார்க்கப்படாமலே இரண்டாம் தேதி கடந்துவிடுவது உண்டு. அலுவலரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை; ஒரே மேசையில் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. நாமே அச்செடுத்த படிவத்தையும் சான்றுகளின் நகல்களையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் தளத்தில் நிலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

சான்றிதழ்களில் நம்மைப் பெரிதும் சிரமப்படுத்துவது பெயர். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிச் சான்றில் ஓர் 'எம்', ஆதாரில் இரண்டு 'எம்', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'எம்டி'. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் விரித்து எழுதப்பட்டு. பீவி, பீபி, பேகம் குறித்துச் சொல்லவே வேண்டாம். மனிதர் பார்த்தால் ஒருவரே என்று புரிந்துகொள்வார். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். இதைத் திருத்த வேண்டிய காலம் விண்ணப்ப மாதமல்ல, அதற்கு முந்தைய கோடை விடுமுறை. பத்தாம் வகுப்புச் சான்று அச்சாகும் முன்பே பள்ளிப் பதிவேட்டில் பெயர் எழுத்தைச் சரிபார்ப்பது எல்லாவற்றிலும் எளிது.

வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிய வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தேங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல் பட்டதாரிச் சான்றும் அவ்வாறே. அந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கே என்பதால் எந்தப் பிள்ளைக்குப் பயன்படுத்துவது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியுள்ளது. வெளிநாட்டில் சம்பாதிக்கும் வருமானத்தை மறைத்துக் குறைந்த தொகைக்குச் சான்று பெற ஜமாஅத்தின் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோர் உண்டு. கடிதம் கொடுக்க மாட்டோம். சிறுபான்மையினர் உதவித்தொகையில் 830 நிறுவனங்கள் போலியானவை எனக் கண்டறியப்பட்டு, 2023இல் சி.பி.ஐ. வழக்கு வரை சென்றது. அதன் சுமை உண்மையான ஏழைப் பிள்ளைகள் மீதும் விழுகிறது. முக அடையாளச் சரிபார்ப்பு, அடுக்கடுக்கான ஆய்வு எல்லாவற்றையும் இன்று அவர்களும் கடக்க வேண்டியிருக்கிறது.

இணைய மையத்தில் விண்ணப்பம் நிரப்புவதில் ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் மையக்காரர் தம்முடைய கைப்பேசி எண்ணையே பதிந்துவிடுகிறார். மறு ஆண்டு புதுப்பிக்கச் சென்றால் ரகசியக் குறியீடு அவருடைய கைப்பேசிக்குப் போகிறது. அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊர் போயிருப்பார். மாணவரின் அல்லது தாயாரின் எண்ணையே கொடுங்கள், அந்த எண்ணை மாற்றாமலும் வைத்திருங்கள். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, பணம் ஆதாருடன் இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்லும். ஒருவருக்கு இரண்டு கணக்கு இருந்தால் எது இணைக்கப்பட்டது என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்காக அது இருந்தால் தொகை திரும்பிவிடும்.

தொகை அனுமதிக்கப்பட்டாலும் கல்விக் கட்டணம் செலுத்தும் நாளுக்குப் பல மாதங்கள் கழித்தே வருகிறது. இந்த இடைவெளியில்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள், அல்லது படிப்பை நிறுத்துகிறார்கள். விண்ணப்பித்த அத்தாட்சியைக் காட்டும் பிள்ளைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகக் கட்டணத்தைக் கொடுத்து, தொகை வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற யோசனையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். ஜக்காத் நிதியை இதில் கலக்க வேண்டியதில்லை. அதன் வழி வேறு.

தப்தரின் அமைப்பு எளிமையானது. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயர் சான்றிதழில் உள்ளபடி, வகுப்பு, எமிஸ் எண், வருமானச் சான்று முடியும் நாள், விண்ணப்பித்த திட்டமும் விண்ணப்ப எண்ணும், மேலே சொன்ன நான்கு தேதிகள், தொகை வந்த நாள். அரசின் கடைசித் தேதிக்கு முப்பது நாள் முன்னதாக ஒரு தேதியைச் சிவப்பு மையில் எழுதுவோம். நமக்கு அதுவே கடைசித் தேதி. கடவுச்சொல்லும் ஆதார் எண் முழுமையும் அந்த ஏட்டில் எழுதப்படா. ஆதாரின் இறுதி நான்கு இலக்கம் போதும். ஏடு பூட்டிய அலமாரியில் இருக்கும். யார் வீட்டு வருமானம் எவ்வளவு என்பது கடைத்தெருப் பேச்சாகிவிட்டால் மறு ஆண்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

ஜும்ஆவுக்குப் பின் செய்யும் அறிவிப்பு மட்டும் போதாது என்பது நம் கருத்து. அறிவிப்பு ஆண்களின் காதில் விழுந்து, செருப்பை மாட்டும் நேரத்திற்குள் மறந்துபோகிறது. சான்றிதழ்ப் பையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் தாயார். ஆகவே தெருவுக்கு ஒரு பட்டதாரிச் சகோதரி வீதம் பொறுப்பேற்றுக்கொண்டால், சிவப்புத் தேதி நேராக அடுப்படிக்கே போய்ச் சேரும். பெயர் கொடுக்க விரும்பும் சகோதரிகள் மதரஸா ஆசிரியையிடம் இன்றே தெரிவிக்கலாம்.

வரும் சனிக்கிழமை முதல் வாரந்தோறும் அஸருக்குப் பின் மதரஸாத் திண்ணையில் கல்விக் குழுவினர் இருப்பார்கள். பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வரவும். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டாம், எங்களிடமும்தான்.