புயற்கடலும் காமிராவும்



நந்திதுர்க்கில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. ஆதலின் இராமேசுவரம் செல்லும்போது தனுஷ்கோடியையும் கண்டு படமெடுத்து வருகிறோம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அவ்வூரையும், பயணிகளோடு வந்த இரயிலையும் அழித்தது. எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைப் பருவக்காற்றில் பொங்கும் கடலோடு சேர்த்துப் படமெடுக்க யாருக்குத்தான் ஆசை எழாது?

அக்காற்று உப்புத்துளியையும் மணலையும் வாரி இறைக்கும். மணலில் உள்ள குவார்ட்சு கண்ணாடியினும் கடியது. நம் சயனைடு மேட்டுத் தூசியிலும் அதே கல்லின் பொடி உண்டு. அதனை வேட்டி முனையால் துடைத்து மூக்குக்கண்ணாடியைக் கீறிக்கொண்டோர் நம்மில் பலர் அன்றோ! காமிராவின் லென்சுக்கும் அதுவே நேரும்.

ஆகவே, முதலில் ரப்பர்க் குமிழால் ஊதி மணலை அகற்ற வேண்டும். பின்னர் நன்னீரில் சற்றே நனைத்த மென்துணியால் உப்பை ஒற்றி எடுக்க வேண்டும். லென்சின்மேல் தெளிந்த பில்டர் கண்ணாடி ஒன்றைப் பூட்டினால், கீறல் அதன்மேல் விழும், லென்சு பிழைக்கும். கரையில் நின்று லென்சை மாற்றலாகாது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தல் நன்று.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், கரைக்கே செல்லலாகாது. வெடிப்புகை அடங்குமுன் அவ்விடம் அணுகலாகாது என்று கற்ற சுரங்கத்தார் மக்கள் நாம். லென்சு பழுதுபட்டால் வேறு வாங்கலாம். தனுஷ்கோடியில் போன உயிர்கள் மீளவில்லை.